நாராவுல எங்க தங்கலாம்? முதல்ல, நாராவுல தங்குங்க

ஜப்பான்ல இருக்குற நாராவைப் பத்தி யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்தான், "அது அரை நாள் போதும்பா, கியோட்டோல இருந்து காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்". ட்ராவல் வீடியோ எல்லாத்துலயும் இதே கதை. பத்தரைக்கு ட்ரெய்ன் இறங்கு, மானுக்கு பிஸ்கட் குடு, மான் தலையாட்டுறதை ரீல் எடு, பெரிய புத்தரைப் பாரு, மூணு மணிக்குக் கிளம்பு. நான் வேலைக்காக ஒசாகாவுல இருக்கேன், ஊர்ல இருந்து சொந்தக்காரங்க யார் வந்தாலும் ப்ளான் போடுற பொறுப்பு என் தலையிலதான் விழும். அதனால அடிச்சு சொல்றேன், அந்த பத்தரைல இருந்து மூணு வரைக்கும்தான் நாராவோட ரொம்ப மோசமான நேரம். ஸ்கூல் பசங்க வரிசை வரிசையா வருவாங்க, டூர் பஸ் கொண்டுவந்து கொட்டிட்டே இருக்கும், மானுங்களும் அதுக்குள்ள பிஸ்கட் தின்னு வயிறு நிறைஞ்சு யாரையும் திரும்பிக்கூட பாக்காது.

ஊரோட நல்ல நேரம் ரெண்டு முனையிலயும் இருக்கு. தோதாய்ஜி கோயில்ல பெரிய புத்தர் இருக்குற மண்டபம் ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் காலைல 7:30க்கே திறந்துடுது, டூர் கூட்டம் வந்து சேர ஒன்பதரை பத்து ஆகும். அந்த ரெண்டு மணி நேரம் மண்டபம் கிட்டத்தட்ட உங்களுக்கே சொந்தம். கசுகா கோயில் அதுக்கும் முன்னாடி, வெயில் மாசங்கள்ல ஆறரைக்கே திறந்துடும். மேட்டுமேல இருக்குற நிகட்சுதோ மண்டபத்துக்கு கேட்டும் இல்ல டிக்கெட்டும் இல்ல, ராத்திரி எந்நேரமும் ஏறிப் போய் அந்த மர வராந்தாவுல நின்னு மொத்த ஊரையும் பாக்கலாம். தினம் ராத்திரி எட்டு மணிக்கு தோதாய்ஜியோட பெரிய மணிய அடிப்பாங்க, 752ல வார்த்த மணி, 26 டன் எடை, சத்தம் காதுல கேக்குறதுக்கு முன்னாடி நெஞ்சுல கேக்கும். பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்கு இதுல ஒன்னுகூட கிடைக்காது.

அப்பா வந்தப்போ காலைல எட்டு மணிக்கு முன்னாடியே அந்த மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். 752ல இந்த புத்தருக்கு கண் திறந்து வெச்ச சடங்கை நடத்தினவர் தென்னிந்தியாவுல இருந்து வந்த போதிசேனர்னு ஒரு துறவி, 736ல கடல் வழியா ஜப்பான் வந்தவர். அவர் கையில பிடிச்ச தூரிகையில இருந்து நீளமா நூல் கட்டி, அதை கீழ நின்ன ஜனங்க எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்களாம், எல்லாருமா சேர்ந்து கண் திறந்த மாதிரி ஆகணும்னு. அந்த தூரிகையும் நீல நூலும் இன்னைக்கும் ஷோசோயின் கருவூலத்துல பத்திரமா இருக்கு. இதைச் சொன்னதும் அப்பா அந்த 15 மீட்டர் உருவத்து முன்னாடி நகரவே இல்ல, "இருடா, அவசரம் என்ன"ன்னு நின்னுட்டே இருந்தார். பதினொரு மணிக்குப் போயிருந்தா பின்னாடி வர்ற கூட்டம் அவரை தள்ளிட்டுப் போயிருக்கும்.

அதனால நாராவுல ஹோட்டல் தேடும்போது ஸ்டார், ரிவ்யூ, ப்ரேக்ஃபாஸ்ட் ஃபோட்டோ எல்லாம் அப்புறம். முதல் கேள்வி, இந்த கட்டில்ல இருந்து எழுந்து பஸ் பிடிக்காம அந்த மண்டபத்துக்கு நடந்து போக முடியுமா, ராத்திரி மணி கேட்டுட்டு நடந்தே திரும்ப முடியுமா. இதுக்கு ஆமான்னு வர்ற இடம் ஊர்ல கொஞ்சம்தான்.

ரூமே கம்மிங்கறது இன்னொரு விஷயம். ஜப்பானோட 47 மாகாணத்துல ஹோட்டல் ரூம் எண்ணிக்கைல நாரா ரொம்ப வருஷமா கடைசி வரிசையிலதான். இத்தனைக்கும் 710ல இருந்து 784 வரைக்கும் நாட்டோட தலைநகரம், 1998ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்த ஊர். பக்கத்துல கியோட்டோவும் ஒசாகாவும் இருக்கறதால எல்லாரும் அங்க தூங்கிட்டு இங்க பகல்ல வந்துட்டுப் போயிடுறாங்க. நாரா வியாபாரிங்க பெரிய புத்தர் மாதிரி உக்காந்த இடத்துலயே உக்காந்துட்டு ஆள் வரட்டும்னு காத்திருப்பாங்கன்னு ஊர்க்காரங்களே கிண்டல் பண்ணுவாங்க. கடைசி நேரத்துல புக் பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க, அவ்ளோதான்.

இப்போ ஸ்டேஷன் குழப்பம். நாராவுல நாராங்கற பேர்ல ரெண்டு ஸ்டேஷன் இருக்கு, ஒன்னு ஜே.ஆர். நாரா, இன்னொன்னு கின்டெட்சு நாரா, ரெண்டும் வேற வேற ரயில் கம்பெனி. ரெண்டுக்கும் நடுவுல பெட்டியோட நடந்தா கால் மணி நேரம் ஆகும். என் சித்தி பொண்ணு குடும்பத்தோட வந்தப்போ புக்கிங் பக்கத்துல "நாரா ஸ்டேஷன்ல இருந்து 5 நிமிஷம்"னு போட்டிருந்துச்சு, எந்த நாரான்னு போடல. "அண்ணா, ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறோம், மேப்ல ஹோட்டல் ஒன்னரை கிலோமீட்டர் காட்டுது, மாமாவுக்கு முட்டி வலி வேற"ன்னு ஃபோன். டாக்ஸி பிடிங்கன்னு சொல்லி முடிச்சேன். இன்னொன்னும் பாருங்க, சில தளங்கள்ல நாரான்னு தேடினா மாகாணம் மொத்தத்தையும் காட்டும், கஷிஹாரா, தென்ரி, இகோமா எல்லாம் லிஸ்ட்ல வரும். விலை சல்லிசா இருக்கேன்னு போட்டுட்டா தினமும் ட்ரெய்ன்ல வந்துட்டுப் போக வேண்டியதுதான், அதுக்கு ஒசாகாவுலயே இருந்துக்கலாம்.

முன்னாடி வெளிநாட்டுல இருந்து வர்றவங்க எல்லாரும் ஜே.ஆர். பாஸ், அதாவது ஜே.ஆர். ட்ரெய்ன்ல நாள் கணக்குல சுத்துற டூரிஸ்ட் பாஸ், கையில வெச்சிருந்ததால ஜே.ஆர். நாரா பக்கமே ரூம் போடுவாங்க, அது நியாயமும்கூட. 2023 அக்டோபர்ல ஏழு நாள் பாஸ் 29,650 யென்ல இருந்து ஒரே தாவா 50,000 யென் ஆச்சு, அதுக்கப்புறம் கியோட்டோ ஒசாகா பக்கம் மட்டும் சுத்துறவங்களுக்கு பாஸ் கட்டுபடி ஆகறதே இல்ல. பாஸ் இல்லைன்னா கின்டெட்சுதான் வசதி. கியோட்டோல இருந்து ஸ்பெஷல் எக்ஸ்ப்ரஸ் 35 நிமிஷம், அதுக்கு தனியா ஒரு டிக்கெட் எடுக்கணும். ஒசாகா நம்பால இருந்து சாதாரண டிக்கெட்லயே 40 நிமிஷம். போற வழில சாய்தாய்ஜி ஸ்டேஷன் தாண்டினதும் ட்ரெய்ன் பழைய அரண்மனை மைதானத்துக்கு நடுவுலயே ஓடும், ஜன்னல்ல பாத்தா வெறும் புல்வெளி, திரும்பக் கட்டின பெரிய மண்டபம், வாசல். அதைப் பாக்க எந்த டிக்கெட்டும் வேணாம். ஆனா பழைய வழிகாட்டிப் பதிவுகள் இன்னும் "ஜே.ஆர். பக்கம் தங்குங்க"ன்னே சொல்லிட்டு இருக்கு.

ஜே.ஆர். பக்கம் மோசம்னு சொல்ல வரல. பெரிய ஹோட்டல் எல்லாம் அங்கதான், விலையும் கொஞ்சம் கம்மி, சிலதுல கீழ் மாடியில பெரிய பொதுக் குளியலறை இருக்கும், நாள் முழுக்க நடந்துட்டு வந்து வெந்நீர்த் தொட்டியில கழுத்து வரைக்கும் உக்காந்தா காலு நன்றி சொல்லும். ஹோர்யூஜி கோயிலுக்குப் போறவங்களுக்கு அங்க இருந்து ட்ரெய்ன்ல பன்னெண்டு நிமிஷம்தான், உலகத்துலயே பழைய மரக் கட்டடங்கள் அங்கதான் இருக்கு, அதை விடக்கூடாது. ஸ்டேஷன் பக்கத்துலயே 1934ல கட்டின பழைய ஸ்டேஷன் கட்டடம் இருக்கு, கோயில் மாதிரி கூரை, உச்சியில கோபுரக் கலசம் வேற, இப்போ அது டூரிஸ்ட் தகவல் மையம். ஆனா இங்க இருந்து பெரிய புத்தர் வரைக்கும் நடக்க முக்கால் மணி நேரம் பக்கமா ஆகும், காலைல ஆறரைக்கு எழுந்து அவ்ளோ நடப்பேன்னு சொல்றவங்க நிறைய பேர், நடந்தவங்கள நான் பாத்ததில்ல.

என்கிட்ட யாராவது ஒரே வரியில சொல்லுன்னு கேட்டா நான் சொல்றது சருசாவா குளத்துப் பக்கம். கின்டெட்சு நாரால இருந்து நடந்து அஞ்சாறு நிமிஷம். குளத்தைச் சுத்தி வந்தா 360 மீட்டர்தான், வில்லோ மரம், கரையில வெயில் காயுற ஆமைங்க, அங்க இருந்து 52 படி ஏறினா கோஃபுகுஜி கோயில். அந்த ஐஞ்சடுக்கு கோபுரம், 1426ல கட்டினது, 50 மீட்டர் உயரம், தண்ணியில விழற நிழல்தான் நாராவோட போஸ்ட்கார்டு. இப்போ பெரிய ரிப்பேர் வேலை ஓடிட்டு இருக்கு, கோபுரத்தையே மூடிட்டாங்க, இன்னும் பல வருஷம் அப்படித்தான். இது தெரியாம "கோபுரம் தெரியும் ரூம்"னு அதிக காசு குடுக்காதீங்க, பழைய ஃபோட்டோவ எடுக்காம அப்படியே விட்டிருக்குற விடுதிங்க உண்டு. இந்தப் பக்கம் தங்கினா வடக்கே கோயில்கள், தெற்கே நாராமாச்சிங்கற பழைய வீட்டுத் தெருக்கள், மேற்கே சன்ஜோ தெருவுல சாப்பாடு, எல்லாம் நடக்குற தூரம்.

நாராமாச்சி பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா ஆசைப்பட்டு புக் பண்றவங்களும் அங்கதான் அதிகம், முணுமுணுக்குறவங்களும் அங்கதான் அதிகம். கங்கோஜிங்கற கோயில் 718ல அசுகாங்கற ஊர்ல இருந்து இங்க மாறி வந்துச்சு, ஒரு காலத்துல பெரிய வளாகம், பிற்பாடு அது சுருங்கச் சுருங்க அந்த மண்ணு மேலயே வியாபாரிங்க தெரு தெருவா வீடு கட்டிட்டாங்க. கோயிலோட மிச்சம் இன்னும் இருக்கு, கூரையில ஒரு பகுதியில அசுகால இருந்து கொண்டுவந்த ஓடு அப்படியே கிடக்கு, கலர் கலரா திட்டு திட்டா தெரியும், சுமார் 1,400 வருஷத்து ஓடு. சுத்தி இருக்குற வீடுகள் எல்லாம் முகப்பு குறுகல், உள்ள நீளமா போகும். வாசல்ல மரச் சட்டம் போட்ட கதவு. கூரை விளிம்புல சிவப்புத் துணியில பண்ணின குரங்கு பொம்மை வரிசையா தொங்கும், கைகாலைச் சுருட்டி உருண்டையா இருக்கும், வீட்டுல இருக்குறவங்களுக்கு வர்ற கெட்டதை அது வாங்கிக்கும்னு நம்பிக்கை. வீட்டுல எத்தனை பேரோ அத்தனை பொம்மை, அதனால தெருவுல நடந்துட்டே எந்த வீட்டுல எத்தனை உருப்படின்னு எண்ணிடலாம்.

இந்த வீடுகள் சிலதைத்தான் இப்போ முழு வீடா வாடகைக்கு விடுறாங்க. நாலு பேர் குடும்பமா வந்தா ஒரு ஹோட்டல்ல ரெண்டு ரூம் எடுக்குறதை விட கணக்கு சரியா வரும், சமையல் அடுப்பு இருக்கும், வாஷிங் மெஷின் இருக்கும். சாயங்காலம் அந்த உள் முற்றம் மாதிரி குட்டித் தோட்டத்தைப் பாத்துட்டு கால நீட்டி உக்காந்தா சுகம்தான். ஆனா மாடிப்படி. அது படி இல்ல, ஏணி. இறங்கும்போது பின்பக்கமா திரும்பித்தான் இறங்கணும், பல வீட்டுல கைப்பிடியும் பேருக்குத்தான். தூங்குற ரூம் மேல, டாய்லெட் கீழ, பின்கட்டுல. ராத்திரி ரெண்டு மணிக்கு அறுபத்தஞ்சு வயசு அம்மா அந்தப் படியில இறங்குறதை நினைச்சுப் பாத்துட்டு புக் பண்ணுங்க. ஜனவரி பிப்ரவரில குளிர் தரை வழியா ஏறும், ஹீட்டர் போட்ட ரூம் மட்டும் சூடு, கதவைத் தாண்டினா பற்கள் ஆடும். சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டுல நிஜமாவே ஆள் குடியிருக்காங்க, ராத்திரி ஒன்பதுக்கு மேல நம்ம வீட்டுச் சத்தத்துல பேச முடியாது. இந்த விஷயத்துல ஊர்க்காரங்க பக்கம்தான் நான்.

புக் பண்றதுக்கு முன்னாடி அது லைசென்ஸ் இருக்குற இடமான்னு பாத்துக்கோங்க. 2018 சட்டப்படி பதிவு பண்ணின வீடுகள வருஷத்துக்கு 180 நாள்தான் வாடகைக்கு விடலாம், விடுதி லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு அந்தக் கட்டு இல்ல. எதுவா இருந்தாலும் பதிவு எண் பக்கத்துல போட்டிருக்கும், போடலைன்னா தாண்டிப் போயிடுங்க. அந்த மாதிரி வீடு உள்ள எப்படி இருக்கும்னு மட்டும் பாக்கணும்னா நாராமாச்சிலயே கோஷி-நோ-இயேன்னு ஒரு வீடு காட்சிக்கு வெச்சிருக்காங்க, இலவசம், படியையும் ஒரு தடவை கண்ணால பாத்துடலாம்.

காசு இருக்குறவங்களுக்கு, இல்ல கல்யாண நாள் அது இதுன்னு காரணம் இருக்குறவங்களுக்கு, நாரா ஹோட்டல். 1909ல திறந்தது, டோக்கியோ ஸ்டேஷனைக் கட்டின தட்சுனோ கிங்கோதான் இதுக்கும் கட்டடக் கலைஞர். வெளிய ஜப்பான் கூரை, உள்ள உயரமான சீலிங், கணப்பு, சிவப்புக் கம்பளம். 1922ல ஐன்ஸ்டைன் வந்து தங்கினப்போ வாசிச்ச பியானோவ இன்னும் லாபியில வெச்சிருக்காங்க. பழைய கட்டடத்துல ரூம் வேணும்னு குறிப்பா கேட்டு எடுக்கணும், புதுக் கட்டடத்துல எடுத்தா நல்ல ஹோட்டல், அவ்ளோதான், அந்த விலைக்கு அர்த்தம் இல்ல. பார்க்குக்கு உள்ளயே, மரத்துக்கு நடுவுல நூறு வருஷம் தாண்டின ரியோகான்களும், அதாவது ஜப்பானியப் பாரம்பரிய விடுதிகளும், இருக்கு, கதவைத் திறந்தா புல்லுல மான் படுத்திருக்கும். ரியோகான்ல விலை தலைக்கு, ரூமுக்கு இல்ல, ராத்திரி சாப்பாடும் காலை சாப்பாடும் அதுலயே அடங்கிடும், அதை ஹோட்டல் ரேட்டோட நேரா ஒப்பிட்டு மலைச்சுப் போகாதீங்க. மூணு மணிக்கு செக்-இன் பண்ணி முழுசா அனுபவிக்கணும். ஆறு மணி சாப்பாட்டுக்கு லேட்டா போய் நின்னா முகத்துல காட்ட மாட்டாங்க, ஆனா பிடிக்காது.

ஷின்-ஓமியா பக்கம் பிஸினஸ் ஹோட்டல்கள் விலை கம்மி, கின்டெட்சுல ஒரே ஸ்டேஷன் தள்ளி, எக்ஸ்ப்ரஸ் சிலது நிக்காது. ஆபீஸ் வேலையா வந்தா சரி. பொதுவா இந்த வகை ஹோட்டல்ல "செமி-டபுள்"னு போட்டிருந்தா கட்டில் 120 சென்டிமீட்டர் அகலம், ரூம் 13 சதுர மீட்டர் பக்கம். ரெண்டு பெட்டிய ஒரே நேரத்துல திறக்க முடியாது, ஒன்னைக் கட்டில் மேல ஏத்தணும். புகை பிடிக்குற ரூம் தனியா விப்பாங்க, நாலஞ்சு நூறு யென் கம்மியா இருக்கேன்னு தட்டிடாதீங்க.

கோயில்லயே தங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஊருக்குள்ள பெரிய கோயில் எதுலயும் அந்த ஏற்பாடு கிடையாது. அது வேணும்னா கோயாசான் மலை, அம்பது கோயிலுக்கு மேல தங்க விடுறாங்க. இல்ல நாரா மாகாணத்துலயே மேற்கு ஓரத்துல ஷிகிசான், அங்க மூணு துணைக் கோயில்ல தங்கலாம். நாரா பாக்க வந்துட்டு அங்க தங்குறது வேற ட்ரிப்.

சாப்பாடு. சைவக்காரங்களுக்கு இதுதான் இடத்தையே முடிவு பண்ணும். குழம்பு, சூப், ஊறவெச்ச காய், எல்லாத்துக்கும் அடியில, காயவெச்சு மெல்லிசா சீவின மீனைப் போட்டுக் காய்ச்சின தாஷிங்கற சாறு இருக்கும். மீன் வேண்டாம்னு சொன்னா மீன் துண்டை எடுத்துட்டு அதே சாறுல குடுப்பாங்க, அவங்க கணக்குல அது மீன் இல்ல. ஒரு விடுதியில ரெண்டு வாரம் முன்னாடியே எழுதிக் கேட்டும் அத்தைக்கு வந்த மிசோ சூப்புல வாசனை காட்டிக் குடுத்துடுச்சு, பாவம், வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டாங்க. அதனால ரியோகான்ல "சாறு உட்பட மீன் கூடாது"ன்னு ஜப்பானிய மொழியில எழுதி, முடியும்னு பதில் வந்த பிறகுதான் காசு கட்டணும். முடியாதுன்னு நேர்மையா சொல்ற இடத்துல சாப்பாடு இல்லாத ரேட்ல ரூம் மட்டும் எடுக்கலாம். காலைல நாராவோட சாகாயு, டீ தண்ணியில வேகவெச்ச கஞ்சி, அது மட்டும்னா வயித்துக்கு இதமா, நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும், தட்டுல கூட வர்ற சைடு டிஷ்ஷைத்தான் விசாரிக்கணும். கடைங்க சீக்கிரம் மூடிடும், எட்டரை மணிக்கு நாராமாச்சில சாப்பாடு தேடினா விளக்கு எரியுற வாசலே அபூர்வம். கட்டாயம் சைவம், கூட குழந்தைங்கன்னா அடுப்பு இருக்குற வீடோ சன்ஜோ தெரு பக்கமோ எடுங்க, ரசப்பொடி பாக்கெட் ரெண்டு பெட்டியில போட்டுட்டு வாங்க.

தேதி பாக்காம தேடி "நாராவுல ரூமே இல்ல"ன்னு சொல்றவங்களுக்காக இது. மார்ச் 1ல இருந்து 14 வரைக்கும் நிகட்சுதோவுல ஓமிசுதோரி, 752ல இருந்து ஒரு வருஷம்கூட விடாம நடக்குற சடங்கு, தினம் ராத்திரி பெரிய பெரிய தீப்பந்தத்தை வராந்தாவுல தூக்கிட்டு ஓடுவாங்க, தீப்பொறி கீழ நிக்கிறவங்க மேல மழையா விழும். 12ஆம் தேதி எல்லாத்தையும் விட பெரிய பந்தம், அன்னைக்கு கூட்டமும் அப்படித்தான், சாதாரண நாள்ல போங்கன்னுதான் நான் சொல்லுவேன், பந்தம் தினமும் உண்டு. அக்டோபர் கடைசில இருந்து நவம்பர் ஆரம்பம் வரைக்கும் ரெண்டு வாரம் சொச்சம் ஷோசோயின் பொருட்கள மியூசியத்துல காட்சிக்கு வைப்பாங்க, ஜப்பான்காரங்களே நாடு முழுக்க இருந்து வருவாங்க. ஆகஸ்ட் 14, 15ல கசுகாவுல மூவாயிரம் விளக்கையும் ஏத்துவாங்க. ஜனவரி நாலாவது சனிக்கிழமை வகாகுசா மலைப் புல்லையே கொளுத்துவாங்க. இந்த நாட்கள்ல போறதுன்னா மாசக்கணக்குல முன்னாடி புக் பண்ணுங்க, இல்லைன்னா ஒரு வாரம் தள்ளிப் போங்க. ஜூலை ஆகஸ்ட் வெயில் சாதாரணமா இருக்காது, ஆனா அந்த மாசங்கள்ல சாயங்காலம் மியூசியம் முன்னாடி புல்வெளியில நூத்துக்கணக்குல மான் வந்து கூட்டமா உக்காரும். ஏன்னு யாருக்கும் சரியா தெரியல, கொஞ்ச நேரம் இருந்துட்டு அதுங்களே எழுந்து போயிடும்.

ரெண்டு ராத்திரி குடுக்க முடிஞ்சவங்களுக்கு நான் போடுற ப்ளான் இதுதான். கியோட்டோ ஹோட்டல்லயே பெரிய பெட்டிய கூரியர்ல அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிடுங்க, தோள்ல ஒரு பையோட நாரா வாங்க. முதல் ராத்திரி சருசாவா பக்கம் சாதாரண ஹோட்டல், வந்ததும் பார்க்குக்கு ஓடாதீங்க, அஞ்சு மணி வரைக்கும் நாராமாச்சில சுத்துங்க. மறுநாள் விடிகாலை தோதாய்ஜி, கசுகா, பத்து மணிக்கு கூட்டம் உள்ள வரும்போது நீங்க வெளிய வந்து ஹோர்யூஜிக்கு ட்ரெய்ன் ஏறிடுங்க. திரும்பி மூணு மணிக்கு ரியோகான் செக்-இன், காசு குடுக்குறதை அந்த ரெண்டாவது ராத்திரிக்கு வெச்சுக்கோங்க, வெள்ளி சனி இல்லாம பாத்துக்கிட்டா அந்த ரேட்டே கணிசமா இறங்கும்.